புலிப்பாய்ச்சல் மலையிடுக்குக்கு எந்த மாதம் போகலாம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செம்பனைக் காட்டு மண்சாலையில் நடக்கும் எங்கள் குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். எல்லாரும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்கள். மாதம் ஒருமுறை ஈப்போ பக்கம் போய் புக்கிட் கிலேடாங் என்ற குன்று ஏறுவோம். இறங்கி வந்து பசியாறும்போது யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "அக்கா, யுன்னான்ல அந்தப் புலி பாய்ஞ்ச இடத்துக்கு எப்போ போனா நல்லா இருக்கும்?" மூன்று முறை போய் வந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ரொட்டி சானாய் மேசையில் பாதி சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. முழுதாக எழுதிவிடுகிறேன், போக நினைக்கிற எல்லாருக்கும் உதவட்டும்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனாவின் யுன்னான் மாநிலத்தில், லிஜியாங் நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த மலையிடுக்கு. சீனத்தில் ஹுதியாவ்சியா என்பார்கள். யாங்சி ஆற்றின் மேற்பகுதியான ஜின்ஷா ஆறு, 5,596 மீட்டர் உயரமுள்ள யூலோங் பனிமலைக்கும் 5,396 மீட்டர் உயரமுள்ள ஹாபா பனிமலைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. ஆற்றிலிருந்து சிகரம் வரை 3,700 மீட்டருக்கும் மேல் செங்குத்து. வேடனுக்குத் தப்பிய புலி ஒன்று ஆறு மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் பாறைமேல் கால் வைத்து அக்கரைக்குத் தாவியதாம். அதுதான் பெயர்க் காரணம். நாம் நடப்பது ஹாபா மலையின் பக்கவாட்டில் போகும் மேல்பாதை. சியாவ்தோவ் என்ற சிற்றூரில் தொடங்கி, நாசி இன மக்களின் ஊர்கள் வழியாக, இரண்டு நாளில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். பாதையின் உச்சி சுமார் 2,670 மீட்டர். நம் கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர்தான்.

நம் ஊர் மழைக்கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள்

நான் சொல்ல வந்ததில் இதுதான் பெரிய விஷயம். பேராக்கில் பிறந்தவர்களுக்கு மழைக் காலம் மனத்தில் பதிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பின்னேரம் இடியோடு மழை. ஜூன், ஜூலை கொஞ்சம் வறட்சி. டுரியான் விழும் காலம். அக்டோபர், நவம்பர் வந்தால் தினமும் மூன்று மணிக்கு வானம் கறுத்துவிடும். தீபாவளிக்கு முறுக்குச் சுட உட்கார்ந்தால் மழைச் சத்தம் கேட்காமல் இருக்காது. அதனால் மலையேறத் தேதி குறிக்கும்போது நாம் யோசிக்காமலே ஜூலையைத் தேர்ந்தெடுப்போம், நவம்பரைத் தவிர்ப்போம்.

யுன்னானில் இது அப்படியே தலைகீழ். அங்கே மழையைக் கொண்டு வருவது கோடைப் பருவக்காற்று. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். நமக்கு மழை பிடிக்கும்போது அவர்களுக்கு வானம் தெளிகிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் முதலில் போனது 2016 ஜூலையில். அண்ணனும் அண்ணியும் நானும், கூட வேலை செய்யும் ஒருவரும். பயணம் ஏற்பாடு செய்து தந்தவர் "அங்க எந்த மாசமும் நல்ல மாசம்தான்" என்றார். நாங்களும் நம்பினோம். குன்மிங்கிலிருந்து இரவு ரயில் பிடித்து லிஜியாங் போய், மறுநாளே நடக்கத் தொடங்கினோம். மதியத்துக்கு முன்பே மழை. "இருபத்தெட்டு வளைவு" என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. முழுப் பாதையிலும் அதுதான் கடினம். ஏற முடியாதவர்களைக் குதிரையில் ஏற்றிப் போகிறவர்கள் அங்கே காத்திருப்பார்கள். அந்தக் குதிரைகளின் சாணமும் சேறும் ஒன்றாகக் கலந்து, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. எதிரே 5,596 மீட்டர் மலை நிற்கிறது என்று சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்தது வெள்ளை மூட்டம் மட்டும்தான். இரவு நடுவழி விடுதியில் ஓட்டின்மேல் விடிய விடிய மழை. காலையில் விடுதிக்காரம்மா கையை அசைத்துப் போக வேண்டாம் என்றார். அடுத்த திருப்பங்களில் பாதையின் குறுக்கே ஓர் அருவி விழுகிறது. நல்ல காலத்தில் கல்லுக்குக் கல் தாண்டிப் போய்விடலாம். அன்று அது பாதையை மூடிக்கொண்டு கொட்டியது. கீழே வண்டிச் சாலையிலும் மண் சரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, வந்த வழியே திரும்பினோம். எங்கள் திட்டத்தில் மிச்ச நாள் என்று எதுவும் இல்லை. திரும்பும் ரயிலும் போய்விட்டது.

அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது என் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடிகாலையில் லயத்தை விட்டு இறங்கியதும் முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது, பட்டையெல்லாம் பரவி வீணாகும். பால் பிடிக்கும் மங்கில் மழைநீரும் சேரும். அன்று வெட்டு இல்லை, சம்பளமும் அடிபடும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "வானத்தப் பாக்காத, பட்டையத் தொட்டுப் பாரு" என்பார். மலையிடுக்குக்கும் அதே கணக்குதான். இன்றைக்கு மழை பெய்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. மலை எத்தனை நாளாக நனைந்து கிடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

நவம்பர் மாதத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். 2019 நவம்பர் நடுவில் இரண்டாவது முறை போனபோதுதான் அந்த இடத்தை உண்மையில் பார்த்தேன். மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பாதையோரக் கல்லில் கை வைத்தேன். காய்ந்து, லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. ஜூலையில் தோட்டத்துச் செம்மண் தண்ணீர்போலப் பழுப்பாக ஓடிய ஆறு, இப்போது பச்சையும் நீலமுமாக இருந்தது. நாசி வீடுகளின் முற்றத்தில் மக்காச்சோளக் கதிர்களைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள், சுவரே மஞ்சளாகிவிட்டதுபோல. யூலோங் மலை முழுசாக எதிரே நின்றது. அண்ணி கைத்தடியை ஊன்றியபடி கால்மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நவம்பர் என்றுதான் சொல்கிறேன்.

குளிர் எப்படி என்று கேட்பீர்கள். லிஜியாங்கில் நவம்பர் பகலில் 16, 17 பாகை இருக்கும். வெயிலில் ஏறும்போது ஒற்றைச் சட்டை போதும், வேர்த்துவிடும். இரவில் நாலைந்து பாகைக்கு இறங்கும். மெத்தைமேல் விரிக்கும் மின்போர்வை பெரும்பாலான விடுதிகளில் உண்டு. அறைக்குள் போனதும் முதலில் அதைத் தட்டிவிடுங்கள். கேமரனுக்குப் போட்டுப் போகும் ஒற்றைக் குளிர்ச்சட்டை போதாது. உள்ளே ஒன்று, மேலே காற்றுப் புகாதது ஒன்று, தலைக்கு ஒரு தொப்பி என்று எடுத்து வையுங்கள்.

அக்டோபர் இரண்டாம் பாதியும் நல்ல காலம்தான். மழை ஓய்ந்திருக்கும், மரங்களில் பச்சை மிச்சமிருக்கும், குளிரும் குறைவு. ஆனால் ஆற்றில் கலங்கல் முழுதாகத் தெளிந்திருக்காது, பின்மழை ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கலாம். அக்டோபர் முதல் வாரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். 1ஆம் தேதி சீனாவின் தேசிய தினம். நாடே விடுமுறையில் கிளம்பிவிடும். ரயில் சீட்டு கிடைக்காது, விடுதி விலை ஏறிவிடும், இருபத்தெட்டு வளைவில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும். மே மாதம் 1ஆம் தேதியை ஒட்டிய தொழிலாளர் தின விடுமுறையும் இப்படித்தான். இந்த இரண்டையும் நாள்காட்டியில் சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. நான் 2024 டிசம்பரில் சின்னம்மா மகளோடும் அவள் பையனோடும் போனேன். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பையனுக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளி விடுமுறையில்தான் அவர்களால் வர முடியும். பனி கொட்டிப் பாதை மூடிக் கிடக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. பனி சிகரங்களில்தான். நடைபாதையில் எப்போதாவது விழும். வானம் அவ்வளவு தெளிவாக வேறெந்த மாதமும் நான் பார்த்ததில்லை. இரவு சுழியத்துக்கு அருகே போகிறது, உயரமான இடங்களில் அதற்கும் கீழே. ஒரு காலை குழாயில் தண்ணீர் உறைந்து நின்றது. பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிரைத் தாங்கும் உடம்பும், ஒழுங்கான உடுப்பும் இருந்தால் டிசம்பர் தாராளமாகப் போகலாம். மூச்சிரைப்பு உள்ளவர்களை நான் டிசம்பரில் கூட்டிப் போகமாட்டேன். வறண்ட குளிர்காற்று நெஞ்சைப் பிடிக்கும்.

சீனப் புத்தாண்டு வாரம் நமக்கும் விடுமுறைதான், ஆசை வரும். வேண்டாம். லிஜியாங் பழைய நகரத்தில் நடக்கவே இடம் இருக்காது.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை என் இரண்டாவது தேர்வு. மலைச்சரிவில் பூக்கள் வரும், குளிர் குறையும், கல் காய்ந்திருக்கும். குறை என்னவென்றால் காற்று. யுன்னானின் வடமேற்கில் வசந்த காலம் காற்றுக்காலம். பிற்பகலில் புழுதியை அள்ளி வீசும். பாதை சில இடங்களில் ஒருவர் போகும் அகலம்தான், ஒரு பக்கம் ஆழம். அந்த இடத்தில் முதுகுப்பையைக் காற்று தள்ளுவது நல்ல அனுபவம் அல்ல. அந்த மாதங்களில் போனால் திறந்த பகுதிகளை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள்.

மே நடுப்பகுதி மழைக்கு முந்திய வெப்பம். நாம் நடக்கும் ஹாபா பக்கம் வெயிலைப் பார்த்தபடி இருக்கிறது, நிழல் குறைவு. வெயில் நமக்குப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டு போனாலும், அந்த உயரத்தில் சூரியன் தோலைச் சுடும் விதமே வேறு. மே கடைசியில் மழை எந்த நாளும் தொடங்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்பாதைக்குப் போகாதீர்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. வழுக்கல், மூட்டம் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்; மண்சரிவையும் மேலிருந்து உருண்டு வரும் கல்லையும் பொறுத்துக்கொள்ள முடியாது. மழை கடுமையானால் பாதையை மூடிவிடுவார்கள். அங்கே பள்ளி விடுமுறையும் ஜூலை, ஆகஸ்டில்தான் என்பதால் கூட்டமும் சேரும். ஆனால் ஒன்று: ஆற்றின் முழு ஆவேசத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதங்கள்தான். மேல் இடுக்கில், புலி தாவியதாகச் சொல்லும் பாறைக்கு அருகே, வண்டிச் சாலையிலிருந்து இறங்கிப் பார்க்கும் மேடைகள் இருக்கின்றன. ஜூலையில் அங்கே நின்றால் தண்ணீரின் அதிர்வு மரப்பலகை வழியாகக் காலுக்கு ஏறும். ஆற்றைப் பார்க்கவே வந்தேன், நடை முக்கியமில்லை என்கிறவர்கள் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த மேடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேதி குறிப்பது எப்படி

மாதம் முடிவானால் பாதி வேலைதான் முடிந்தது. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணி. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை செம்பனைக் குலை அதிகம் வரும், அந்த நேரத்தில் விடுப்புக் கேட்க வாய் வராது. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் முதலில் அங்கே ஆகாத வாரங்களை அடியுங்கள், பிறகு இங்கே உங்களுக்கு ஆகாத வாரங்களை அடியுங்கள். மிஞ்சியதைப் பாருங்கள். எங்கள் குழுவில் பெரும்பாலும் மிஞ்சுவது தீபாவளி முடிந்த பத்து நாள்தான். வீட்டு வேலை ஓய்ந்திருக்கும், பிள்ளைகள் வந்து போயிருப்பார்கள், மனசும் லேசாக இருக்கும்.

தீபாவளி சில ஆண்டுகளில் அக்டோபரிலேயே வந்துவிடும். 2025இல் 20ஆம் தேதி. அப்படி வந்தால் அவசரப்படாமல் நவம்பர் முதல் வாரம்வரை பொறுங்கள். 2026இல் நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டத்தை அப்படியே தருகிறேன். 14ஆம் தேதி சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து குன்மிங் பறக்கிறோம். நேர் விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம். 15 ரயிலில் லிஜியாங். இப்போது விரைவு ரயில் இருப்பதால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். 16 லிஜியாங்கில் சும்மா இருக்கிறோம். 17, 18 நடை. 19 மிச்ச நாள். 20 குன்மிங், 21 வீடு. திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாள் விடுப்புதான்.

அந்த 16ஆம் தேதியையும் 19ஆம் தேதியையும் யாராவது வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். லிஜியாங் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுங்கை சிப்புட் சமவெளியிலிருந்து இரண்டே நாளில் அங்கே போய் நிற்கும்போது, படியேறினாலே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை வலிக்கும், தூக்கம் வராது. ஒரு நாள் மெதுவாகச் சுற்றினால் உடம்பு பழகிவிடும். 19ஆம் தேதி மழைக்காக வைத்திருக்கும் நாள். நவம்பரிலும் ஒரு நாள் தூறலாம். மிச்ச நாள் கையில் இருந்தால் "இன்னிக்கு வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்ல முடியும். 2016இல் எங்களிடம் அது இல்லாததால்தான் நனைந்த பாதையிலேயே ஏறினோம்.

நல்ல வேளையாக விசா பற்றி இப்போது தேதிக் கவலை இல்லை. 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்கள் விசா இல்லாமல் சீனா போகலாம். 2025 ஜூலை 17 முதல் இரு நாட்டு ஒப்பந்தமாகவே அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு 30 நாள்வரை. முன்பு விசாவுக்காகத் தேதியை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வாரம் முன்னால்கூட மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதியை மழைக்காகப் பயன்படுத்துங்கள்.

புறப்படுவதற்கு முந்திய பத்து நாள்

நம் ஊர் ஆறுகளில் கெப்பாலா ஆயர் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே காட்டில் பெய்த மழை திடீரென்று சுவர்போல இறங்கி வரும். நம் தலைக்கு மேல் உள்ள வானம் மட்டும் வானம் இல்லை. மலையிடுக்கிலும் அப்படித்தான், ஹாபா மலையின் மேல்சரிவில் பெய்த மழை, இரண்டு நாள் கழித்துக்கூட ஈர மண்ணாகவும் ஓடை வெள்ளமாகவும் பாதைக்கு வரும். அதனால் நடக்கப் போகிற இரண்டு நாளின் வானிலையை மட்டும் பார்க்காதீர்கள். போவதற்குப் பத்து நாள் முன்பிருந்து லிஜியாங்குக்கும் ஷாங்ரி-லாவுக்கும் அன்றாட மழை எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இடுக்கு இருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் நல்ல மழை என்றால், மழை விட்டதும் குறைந்தது இரண்டு முழு வெயில் நாள் போகட்டும். நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு இது.

அப்புறம் விடுதிக்காரர்களிடம் கேளுங்கள். எந்த வானிலைச் செயலியைவிடவும் அவர்களுக்குத்தான் அன்றைய பாதை தெரியும். வீசாட் என்னும் சீனச் செய்திச் செயலியில் தங்கும் இடத்தைப் பதிவு செய்யும்போதே, "மேல்பாதை திறந்திருக்கிறதா, அருவிப் பக்கம் எப்படி" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் ஒரு படமாவது அனுப்புவார்கள். சீன உள்ளூர் இணைப்பில் புலனம் (வாட்ஸ்அப்) திறக்காது என்பதால் வீசாட்டை இங்கேயே போட்டுப் பழகிக்கொண்டு போங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

காலம் என்றால் மாதம் மட்டும் இல்லை, மணியும்தான். சீனா முழுக்க ஒரே நேரம், அது நம் மலேசிய நேரமேதான். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் வெளிச்சம் நம் நேரத்துக்கு வராது. லிஜியாங் சீனாவின் மேற்குப் பக்கம் இருப்பதாலும் வடக்கே தள்ளி இருப்பதாலும், நவம்பரில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகும். டிசம்பர் கடைசியில் எட்டு மணி. கிழக்கே யூலோங் மலை மறைத்துக்கொண்டு நிற்பதால் பாதைமேல் வெயில் விழ இன்னும் தாமதம். கிலேடாங்குக்குப் போவதுபோல ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்கு நடக்கலாம் என்று நினைத்தால், இருட்டில் குளிரில் நிற்க வேண்டியதுதான். டிசம்பரில் சின்னம்மா மகள் ஆறரைக்கே எல்லாரையும் எழுப்பிவிட்டாள். ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் கை காய்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டரைக்குத் தொடங்கினால் போதும். சியாவ்தோவிலிருந்து நாசி ஊர்வரை இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கே சாப்பிட்டுவிட்டு இருபத்தெட்டு வளைவு. நம் நடைக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகு இறக்கமும் சமமுமாக நடுவழி விடுதிவரை. ஓய்வோடு சேர்த்து ஏழு, எட்டு மணி நேரம். நவம்பரில் ஆறரை மணிக்கு மேல் சூரியன் இருக்காது, மலைமறைவில் அதற்கு முன்பே மங்கிவிடும். ஆகவே மதியம் ஒரு மணிக்குள் நாசி ஊரைத் தாண்டாதவர்கள் அன்று அங்கேயே தங்கிவிடுவது நல்லது. நடுவில் தேயிலைக் குதிரை விடுதி என்று இன்னொன்றும் இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாம் நாள் நடுவழி விடுதியிலிருந்து டீனா விடுதிவரை இரண்டரை மணி நேரம்தான். தெம்பு இருந்தால் அங்கிருந்து கீழே ஆற்றங்கரைவரை இறங்கலாம். அந்த இறக்கத்துக்கு வறண்ட காலம் மட்டுமே சரி. சில இடங்களில் இரும்பு ஏணி, சங்கிலி. பாதையைப் பராமரிக்கும் ஊர்க்காரர்கள் ஆங்காங்கே சிறு கட்டணம் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். முட்டை போட்ட சோறு, தக்காளி முட்டை மீ, லிஜியாங் பாபா என்னும் தடித்த ரொட்டி எல்லா இடத்திலும் கிடைக்கும். அண்ணி ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வருவார். குளிரில் அது இறங்குவதுபோல வேறொன்றும் இறங்காது.

வேறு மலையிடுக்குகளுக்கும் நான் இதே வழியில்தான் கணக்குப் போடுகிறேன். அந்த இடத்தின் மழைமாதம் எது, கல் காய எத்தனை நாள், அந்த நாட்டின் பெரிய விடுமுறை எப்போது, அங்கே பொழுது எத்தனை மணிக்குச் சாயும். கிரேக்கத்தின் கிரீட் தீவில் 16 கிலோமீட்டர் சமரியா இடுக்கு இருக்கிறது. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம், ஆகவே மே முதல் அக்டோபர்வரை மட்டும் திறக்கிறார்கள். யுன்னானுக்கு நேர்மாறு. தைவானின் தாரோகோவுக்குப் போக எங்கள் குழு 2024இல் பேசிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி நிலநடுக்கம் வந்து மலைப்பாதைகளைப் பெயர்த்துவிட்டது. அந்தப் பேச்சை அப்படியே வைத்திருக்கிறோம்.

நவம்பர் 17க்கு இப்போதைக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அண்ணிக்கு இந்த ஆண்டு அறுபத்திரண்டு வயதாகிறது, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே முதல் ஆளாகச் சேர்ந்துவிட்டார். ஆகஸ்டிலிருந்து மாதம் ஒருமுறை ஏறிய கிலேடாங்கை வாரம் ஒருமுறை ஏறப் போகிறோம், ஆறு கிலோ முதுகுப்பையோடு. நவம்பர் 4ஆம் தேதி மழைத்தாளை எழுத ஆரம்பிப்பேன்.